கல்ஃபானின் அட்டை

வெளியே நாற்பத்தாறு.
பெட்டிக்குள் நான்கு.
நடுவில் ஒரே ஒரு கதவு.
அதன் ரப்பர் விளிம்பை விரலால் அழுத்திப் பார்ப்பது
காலையில் என் முதல் வேலை.

சஹம் சுகாதார மையத்தில்
செவ்வாய்தோறும் ஊசி நாள்.
மத்தி காயும் வாடையும் சாம்பிராணிப் புகையும்
அபாயாவில் ஏறியிருக்கத் தாய்மார்கள் வருவார்கள்.
பொற்கொடி என்ற என் பெயரை
அவர்கள் நாக்கு போர்க்கொடி ஆக்கிவிட்டது.
திருத்தவில்லை.
யார் மீதும் நான் எதையும் ஓங்கியதில்லை,
ஊசியைத் தவிர.

ஷம்ஸா இன்று வந்தது இருமலுக்காக.
இடுப்பில் ஒன்பது மாதக் கல்ஃபான்.
அட்டையைக் கேட்டேன்.
பைக்குள் இல்லாததைத் தேடுவதுபோல்
நெடுநேரம் தேடி எடுத்தாள்.
இரண்டாம் மாதக் கட்டத்தில் என் கையெழுத்து.
நான்காம் மாதம் வெள்ளை.
ஆறாம் மாதம் வெள்ளை.

ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.
கேட்டால் மறந்துவிட்டேன் என்பார்கள்.
யாருக்கும் வலிக்காத பதில் அது.
"போன தடவை வீட்டுக்குப் போனபின் என்ன ஆச்சு?" என்றேன்
என் உடைந்த அரபியில்.

பேசாமல் கைபேசியை நீட்டினாள்.
முகமில்லாத ஒரு பெண்குரல்,
நாலு நிமிடம் பதினோரு நொடி.
முழுக்கக் கேட்டேன்.
நடுவில் ஒருமுறை நிறுத்தி
ஒரு சொல்லுக்கு அவளிடமே பொருள் கேட்டேன்.
கட்டி, என்றாள்.
சொல்லும்போதே அவள் கை
குழந்தையின் இடது தொடைக்குப் போனது.

பிறகு அவளே சொன்னாள்.
அன்றிரவு காய்ச்சல் அடித்தது.
தொடையில் கல்போல வீக்கம், எட்டு நாள்.
கணவன் கடலில்.
விடியும்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.
அந்த நேரத்தில் வந்திருக்கிறது இந்தக் குரல்,
என் பிள்ளைக்கும் இப்படித்தான் என்று.

அந்தச் செவ்வாயை நினைத்துப் பார்க்கிறேன்.
நாற்பத்தொரு குழந்தைகள்.
பிரின்டர் வேறு பழுது.
'காய்ச்சல் வரலாம், வீங்கும்,
கெட்டியாகும், தானே கரையும்'
ஒரு மூச்சில் முடிகிற வரி.
ஆயிரம் பேருக்குச் சொன்ன வரி.
அவளுக்கு?
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு
அடுத்த பெயரைக் கூப்பிட்டிருப்பேன்.
நான் விட்ட இடத்தில்தான்
அந்தக் குரல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தப்பு என்னுடையது என்றேன்.
அரபியில் நான் அதிகம் பழகாத வாக்கியம்.
முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து
வட்டம் வட்டமாக வரைந்தேன்:
முதல் நாள் வீக்கம், மூன்றாம் நாள், எட்டாம் நாள்.
கடைசி வட்டம் ஒரு புள்ளி.
எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும்,
எதைப் பார்த்தால் வேண்டாம்,
எந்த நேரத்தில் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்.
"ஒரு வயதில் இன்னொன்று உண்டு" என்றேன்.
"எதற்கு?"
"ஹஸ்பா."
உங்கள் மொழியில் அதற்கு என்ன பெயர் என்றாள்.
அம்மை, என்றேன்.
பெற்றவளுக்கும் அதே சொல்தான் எங்களுக்கு.

சிரித்தாள்.
"பயப்படுவதை எல்லாம்
அம்மா என்றா கூப்பிடுவீர்கள்?"
எனக்குப் பதில் தெரியவில்லை.

இருமல் லேசானதுதான், இன்றே போடலாம் என்றேன்.
அவர் கரைக்கு வரட்டும், வியாழக்கிழமை, என்றாள்.
என் பேனா அட்டையின் மேல் நின்றது,
மை படாமல்.

வியாழன் பதினொரு மணி.
கல்ஃபான் அலறி ஓய்ந்து
என் அடையாள அட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.
அருகில் இரண்டு மாதக் குழந்தையோடு
இன்னொருத்தி, முகமெல்லாம் வியர்வை.
அவளிடம் ஷம்ஸா விரலால் காற்றில்
வட்டம் வட்டமாக வரைகிறாள்.
வீங்குமாம், கெட்டியாகுமாம், தானே கரையுமாம்,
பத்து நாளில்.

எட்டு நாள் என்றுதான் வரைந்திருந்தேன்.
திருத்தவில்லை.